மொரிஸ் மைனருக்கு ஜப்பான் எஞ்சின் போடலாமா?

கேள்வி – 2023 பெப்ரவரி 5

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் பதினொரு ஆண்டு நின்ற மொரிஸ் மைனர் 1000 ஒன்றை வாங்கியிருக்கிறேன். 1959ஆம் ஆண்டு வண்டி, 948 சிசி. எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. பார்க்க வந்த கராஜ்காரர், "இதைக் கழற்றி எறிந்துவிட்டு ஜப்பான் எஞ்சினும் கியர்பெட்டியும் போடுங்கள், முன்னுக்கு டிஸ்க் பிரேக் போடுங்கள், பிறகு கொழும்புக்கே போய் வரலாம்" என்கிறார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. அறுபது வருட எஞ்சினைக் கட்டிக்கொண்டு அழுவது வெறும் பாசாங்கு. இல்லை என்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

பதில் – பெப்ரவரி 5, இரவு

வேண்டாம்.

பெப்ரவரி 6

நேற்று ஒரு சொல்லோடு நிறுத்தியது எரிச்சலில். காரணம் கேட்டீர்கள், சொல்கிறேன்.

இந்த வண்டிக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடலே சட்டகம். ஜப்பான் எஞ்சினை உட்கார வைக்கவும் அதன் கியர்பெட்டிக்கு இடம் விடவும் நடுத்தரையையும் குறுக்குச் சட்டத்தையும் வெட்டுவார்கள். வெட்டியவர் நன்றாக ஒட்டவைப்பாரா என்பது அவருடைய அன்றைய மனநிலையைப் பொறுத்தது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் இலக்கத்தை மாற்றிப் பதியவும் வேண்டும். அந்த அலைச்சலைக் கராஜ்காரர் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது எஞ்சினை மறந்துவிட்டு நிலத்தில் படுங்கள். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியதெல்லாம் கீழேதான் இருக்கிறது. முன் சக்கரம் எந்த முளையில் திரும்புகிறதோ அதன் அடியில் மரையிட்ட கட்டை ஒன்று உண்டு. டிரன்னியன் என்பார்கள். முளையின் மரை அதற்குள் திருகிக்கொண்டு நிற்கிறது. வண்டியின் முன்பாரத்தைத் தாங்குவது அந்த மரைதான். கிறீஸ் போகாவிட்டால் மரை தேயும். தேய்ந்ததை ஓட்டும்போது உணர முடியாது. ஒருநாள் மெதுவாகத் திருப்பும்போது மரை கழன்று சக்கரம் வண்டிக்குள் மடங்கிவிடும். எனக்கு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு முன்னால், பின்னோக்கி எடுக்கும்போது மடங்கியது. வாழைக்குலை விற்றவர் வந்து பார்த்துவிட்டு, "காலை மடக்கிப் படுத்துவிட்டது, மாடு மாதிரி" என்றார். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மடங்கியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

பிறகு தரை. சாரதி காலுக்குக் கீழே, பக்கச் சட்டங்கள், ஜாக் வைக்கும் இடம், பின் வில் கொக்கி மாட்டும் இடம். திருப்புளியின் பிடியால் தட்டுங்கள். இரும்புச் சத்தம் வந்தால் நல்லது. அட்டைப்பெட்டியைத் தட்டியது போல் கேட்டால் முனையைத் திருப்பிக் குத்துங்கள். உள்ளே போனால் உங்கள் பணமெல்லாம் எஞ்சினுக்குப் போகாது, அந்த ஓட்டைக்குத்தான் போகும். பண்ணைக் கடலோர உப்புக்காற்றில் நின்ற வண்டியா, கடலைவிட்டு உள்ளே நின்றதா என்று விசாரித்தீர்களா?

பெப்ரவரி 6, பிற்பகல்

ஒன்றை விட்டுவிட்டேன். வீட்டில் இருக்கும் மில்லிமீற்றர் ஸ்பானர்களோடு இந்த வண்டியைத் தொடாதீர்கள். எல்லாம் அங்குலக் கணக்கு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீற்றர். 13 போட்டால் "சரியாகத்தானே இருக்கிறது" என்று தோன்றும். இறுகிய ஆணியில் ஒரு முறை வழுக்கினால் மூலை உருண்டுவிடும், இரண்டாம் முறை எந்த ஸ்பானரும் பிடிக்காது. ஏழு பதினாறு, அரை, ஒன்பது பதினாறு என்ற மூன்றோடு பாதி வண்டியைக் கழற்றலாம்.

பற்றறியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். வண்டிக்கு அது பழக்கம், நமக்குத்தான் பழக்கமில்லை. போன உரிமையாளர் யாராவது மாற்றியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு வயர் கொழுவுங்கள்.

பெப்ரவரி 9

"பழைய எஞ்சின் இன்றைய பாவனைக்கு உதவாது" என்று இந்த இழையில் இன்னொருவர் எழுதியிருக்கிறார். உதவாத எஞ்சின் என்ன செய்தது என்று சொல்கிறேன். நீளமாகப் போகும்.

1990 ஜூனில் மீண்டும் சண்டை தொடங்கியபோது எனக்குப் பதினான்கு வயது. மின்சாரம் போனது, பொருளாதாரத் தடை வந்தது, பெற்றோல் குடாநாட்டுக்குள் வருவது நின்றது. கொஞ்ச நஞ்சம் வந்ததை மருந்துப் போத்தலில் அளந்து விற்றார்கள். அதற்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஓடிய கார்கள் எவை? மொரிஸ் மைனர், மொரிஸ் ஒக்ஸ்போர்ட், ஒஸ்டின் ஏ-40, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ். எல்லோரும் கண்காட்சிப் பொருள் என்று நினைத்த வண்டிகள். அவை மண்ணெண்ணெயில் ஓடின. புது ஜப்பான் கார் வைத்திருந்தவர்கள் அவற்றைத் தென்னோலை போட்டு மூடி வைத்தார்கள்.

மாமாவிடம் ஒரு மைனர் இருந்தது, சாம்பல் நிறம். பொனெட்டின் கீழே, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தீச்சுவரில், குழந்தைகளுக்கான இருமல் பாணிப் போத்தல் ஒன்றைக் கம்பியால் கட்டியிருந்தார். அதில் இரண்டு விரல் உயரம் பெற்றோல். போத்தலிலிருந்து சேலைன் குழாய் ஒன்று, எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றருக்கு இறங்கும், நடுவில் ஒரு கவ்வி. பிரதான தாங்கியில் மண்ணெண்ணெய். காலையில் கவ்வியைத் தளர்த்திக் காபரேற்றரின் கிண்ணத்தை நிரப்பிவிட்டு முன்னால் வந்து கைபிடியைப் பம்பரின் துளைக்குள் நுழைப்பார். பற்றறி ஸ்டார்ட்டரைச் சுற்றும் நிலையில் இல்லை, பிளக்கின் தீப்பொறிக்கு மட்டும் காணும். எனக்கு அவர் கற்றுத்தந்த முதல் தொழில் பாடம் அந்தக் கைபிடியில்தான்: பெருவிரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும், பிடியைச் சுற்றி வளைக்கக் கூடாது. எஞ்சின் திருப்பி உதைத்தால் வளைத்த பெருவிரல் ஒடியும். கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து அழுத்தக் கூடாது.

பெற்றோலில் பிடித்து, நீர் சூடேறும் வரை ஐந்து நிமிடம் உறுமவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். மாறும் கணத்தில் சத்தம் மாறும். தொண்டை கட்டியவன் பேசுவது போல் ஒரு கரகரப்பு. பின்னால் வெள்ளைப் புகை. அந்த மணம் சட்டையில் ஏறினால் இரண்டு தோய்ப்புக்குப் போகாது. பள்ளிக்கூடத்தில் எவன் வீட்டில் கார் ஓடுகிறது என்பதை மூக்காலேயே கண்டுபிடிக்கலாம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

வண்டியை நிறுத்துவதற்கு முன் கடைசி நூறு யார் தூரத்துக்கு மறுபடி பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். இல்லையென்றால் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்த முறை பிடிக்காது. பெற்றோலுக்கு மனம் வராமல் மாமா சில நாள் இதைத் தவிர்ப்பார். மறுநாள் தெருவே சேர்ந்து தள்ளும்.

பெப்ரவரி 10

"எல்லாம் வீரக்கதை, அந்த எஞ்சின்கள் எத்தனை நாள் தாங்கின?" என்ற கேள்வி நியாயமானது. நன்றாகத் தாங்கவில்லை.

மண்ணெண்ணெய் முழுவதும் எரியாது. எரியாதது சிலிண்டர் சுவர் வழியே வழிந்து எண்ணெய்த் தொட்டியில் சேரும். ஆகவே, எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தால் அளவு குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். மாமா முதல் தடவை பார்த்து, "எண்ணெய் ஊறுகிறது, கிணறு மாதிரி" என்று சிரித்தார். நீர்த்துப்போன எண்ணெய் பேரிங்கைத் தின்றது. 1993இல் எஞ்சினை இறக்கிப் பார்த்தபோது நான்கு பிஸ்டன் தலையிலும் தடிப்பாகக் கரி.

ஆனாலும் ஓடியது. காரணம் அதிசயம் அல்ல. இந்த எஞ்சினில் உள்வாங்கும் குழாயும் புகைக்குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒட்டி இருக்கின்றன. புகையின் சூடு உள்ளே போகும் கலவையைச் சூடாக்கும், மண்ணெண்ணெய் ஆவியாகும். அழுத்த விகிதமும் குறைவு, ஆகவே தாறுமாறாக வெடிக்காது. பழைய பெர்கசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை இதே மாதிரிப் பெற்றோலில் பிடித்து, மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய எரிபொருளில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டது. இங்கே யாரும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. தெரிந்ததைத் தெரியாத இடத்தில் செய்தார்கள்.

இன்றைய கணினி எஞ்சினில் இது நடக்குமா என்று கேட்டுவிடாதீர்கள். போன வருடப் பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்றபோது ஒரு பொடியன் கேட்டான்.

பெப்ரவரி 10, இரவு

போன வருடம் என்றதும் நினைவு வந்தது. பெற்றோல் நிலைய வரிசையில் எஞ்சினை அணைத்துவிட்டு, கதவைத் திறந்து ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தள்ளிக்கொண்டு போனேன். மைனர் முக்கால் தொன்தான், ஒரு ஆளே தள்ளலாம். பின்னால் நின்ற பெரிய ஜீப்காரர் பொறாமையோடு பார்த்தார். "அண்ணை, பழையபடி மண்ணெண்ணெய் அடித்தால் என்ன?" என்று ஒருவர் கேட்டார். மீன்பிடிக்காரருக்கே மண்ணெண்ணெய் கிடைக்காத நாள்கள் அவை. ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனதும் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

மார்ச் 12

இழையைக் கிளப்புவதற்கு மன்னிக்கவும், என் வண்டிக்கே வயிற்றுவலி. நேற்றுச் சாவகச்சேரி போகும்போது நாவற்குழிப் பாலம் தாண்டியதும் அணைந்தது. இருபது நிமிடம் நின்றதும் பிடித்தது. கைதடியில் மறுபடி அணைந்தது. வெயில் 34 பாகை. பெற்றோல் குழாயிலேயே ஆவியாகி அடைக்கிறது, சந்தேகமில்லை. ஈரத் துணியைப் பெற்றோல் குழாயில் சுற்றினேன், பிடித்தது. இதே பிரச்சினை உள்ளவர்கள் ஒரு துண்டுத் துணியும் ஒரு போத்தல் தண்ணீரும் வைத்திருங்கள்.

மார்ச் 13

"முதலில் பொறி வருகிறதா என்று பார்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முப்பது வருடம் இந்த எஞ்சினோடு வாழ்கிறேன் ஐயா. சூட்டில் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. இதில் பொறிக்கு என்ன வேலை?

மார்ச் 19

துணி சுற்றியும் இரண்டு முறை நின்றது. இப்போது என் சந்தேகம் பெற்றோல் பம்ப் மேல். இந்த வண்டியில் மின்சாரப் பம்ப், தீச்சுவரில் இருக்கும். சாவியைத் திருப்பியதும் டிக் டிக் டிக் என்று அடித்து, கிண்ணம் நிரம்பியதும் ஓயும். அடிக்காவிட்டால் ஸ்பானர் பிடியால் தலையில் ஒரு தட்டு. உள்ளே இருக்கும் தொடுமுனைகள் கருகியிருந்தால் அந்தத் தட்டில் விழித்துக்கொள்ளும். கழற்றி, தொடுமுனையை மெல்லிய காகிதத்தால் துடைத்துப் பூட்டினேன். தாங்கி மூடியின் காற்றுத் துளையும் பார்த்தேன், திறந்துதான் இருக்கிறது. நாளை மறுபடி அதே வீதியில் போகிறேன்.

மார்ச் 20

நின்றது. அதே பாலம்.

மார்ச் 26

ஒத்துக்கொள்கிறேன். பொறிதான்.

நேற்று அது நின்றதும், கோபத்தில்தான், இவ்வளவு நாள் செய்யாததைச் செய்தேன். காபரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றித் தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டுச் சாவியைத் திருப்பினேன். பெற்றோல் சீறிக்கொண்டு வந்தது. ஆவியுமில்லை, அடைப்புமில்லை. குழாயைப் பூட்டி, போத்தலைத் தூரத்தில் வைத்துவிட்டு ஒரு பிளக் வயரை எடுத்து எஞ்சினுக்கு அருகே பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. பதினான்கு நாள் வீண்.

பொறியைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தால் உள்ளே தொடுமுனைகள் இருக்கும் தட்டு தெரியும். எஞ்சினின் பாரத்துக்கு ஏற்பப் பொறி முந்தியோ பிந்தியோ விழுவதற்காக அந்தத் தட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து அந்தத் தொடுமுனைக்கு ஒரு சிறு வயர் போகிறது, சின்ன விரல் நீளம்கூட இல்லை. தட்டோடு சேர்ந்து அதுவும் நாளெல்லாம் வளைந்து நிமிர்கிறது. வெளி உறை நன்றாகத்தான் இருந்தது. இரண்டு நுனியையும் பிடித்து மெதுவாக இழுத்தேன். நடுவில் ரப்பர் பட்டி போல நீண்டது. செம்பு இருந்தால் நீளாது. உள்ளே இழைகள் அறுந்து, நுனிகள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்திருக்கின்றன. குளிரில் உறை இறுகி அவற்றைச் சேர்த்து வைத்தது, சூட்டில் இளகியதும் விலகிவிட்டது. ஆறினால் மறுபடி சேர்ந்துகொண்டது. ஈரத் துணி வேலை செய்தது உண்மை. துணி சுற்றுகிற நேரத்தில் எஞ்சின் ஆறியது, அவ்வளவுதான்.

மார்ச் 12இல் துணி வைத்திருக்கச் சொன்னேனே, அது கைதுடைக்க உதவும்.

13ஆம் திகதி பொறியைப் பார்க்கச் சொன்னவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். "முப்பது வருடம்" என்று எழுதியதை அழிக்காமல் விடுகிறேன்.

ஏப்ரல் 2

கேள்வி கேட்டவர் படம் போட்டிருக்கிறார். நல்ல வண்டி. தரையில் ஒரு ஓட்டை மட்டும், அதுவும் சாரதிப் பக்கம். கதவுத் தூணில் கைகாட்டிகள் அப்படியே இருக்கின்றன! விளக்கேற்றிய ஆரஞ்சு நாக்கு மாதிரி வெளியே நீளும். 1961இல் அவற்றை நிறுத்திவிட்டு மினுக்கும் விளக்கு வைத்தார்கள். தயவுசெய்து அவற்றை நம்பித் திரும்பாதீர்கள். இன்றைய மோட்டார் சைக்கிள்காரருக்கு அது என்னவென்றே தெரியாது. ஒருமுறை ஆஸ்பத்திரி வீதியில் நான் வலப்பக்கக் கைகாட்டியை நீட்டியதும் பக்கத்தில் வந்தவர், "ஏதோ கழன்று தொங்குகிறது அண்ணை" என்று அக்கறையோடு உள்ளே தள்ளி மூடிவிட்டுப் போனார். கைகாட்டியும் இருக்கட்டும், பின்னால் இரண்டு மினுக்கும் விளக்கும் போடுங்கள்.

உங்கள் மகள் பொனெட் நடுவே ஏன் பட்டையாக ஒரு மேடு என்று கேட்டாளாம். நல்ல கேள்வி. வண்டியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரி வண்டி தயாரான பிறகு, அது ஒடுக்கமாக இருக்கிறதென்று நினைத்தார். நீளவாட்டில் இரண்டாக அறுத்து, பாதிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்து, நான்கு அங்குலம் விலக்கியபோது கண்ணுக்குப் பிடித்தது. அந்த நான்கு அங்குலம்தான் மேடு. பம்பர்களை அதற்குள் செய்து முடித்துவிட்டதால் முதல் வண்டிகளில் பம்பரையும் நடுவே வெட்டி, ஒட்டுத்துண்டு வைத்தார்கள். 1948இல் இப்படி வெட்டி ஒட்டிப் பிறந்த வண்டி, பன்னிரண்டே வருடத்தில் பத்து இலட்சத்தைத் தாண்டியது. நிறுவனத்தின் தலைவர் நஃபீல்ட் பிரபு அதைப் பார்த்து, உடைத்து ஊற்றி அவித்த முட்டை என்று பழித்தார் என்பார்கள். அவருக்கு அது பிடிக்கவேயில்லை.

ஏப்ரல் 3

மேலே எழுதியதை மறுபடி வாசித்தபோது சங்கடமாக இருந்தது. வண்டியை வெட்டக் கூடாது என்று பெப்ரவரியில் சத்தம் போட்டேன். அந்த வண்டி பிறந்ததே வெட்டி.

ஏப்ரல் 16

புது வருட விடுமுறையில் என் வண்டியில் எது எது அதனுடையது என்று எண்ணிப் பார்த்தேன். கியர்பெட்டி வேறொரு மைனர் வானிலிருந்து வந்தது. சாரதி ஆசனம் எதிலிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாது. ரேடியேற்றரின் கீழ்ப்பாதியை ஒரு பித்தளைக்காரர் செய்தார், குத்துவிளக்குக்கும் அவர்தான் பற்றவைப்பார். கதவுக் கைபிடி ஒன்று ஏ-40 உடையது, மேல்நோக்கித் திறக்க வேண்டும். ஏறுகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. தூய்மை பேச எனக்கு வாய் இல்லை.

மாமாவின் வண்டி தப்பியதும் அப்படித்தான். 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டை நெருங்க, வலிகாமப் பகுதியே எழுந்து தென்மராட்சிப் பகுதிக்கு நடந்தது. மழை. அம்மம்மாவையும் இரண்டு சாக்கு அரிசியையும் ஏற்றிக்கொண்டு மாமா புறப்பட்டார். சனத்துக்குள் வண்டி நடை வேகம்கூட ஓடவில்லை. மண்ணெண்ணெயில் அப்படி நின்று நின்று ஓட்டினால் பிளக்கில் கரி பிடிக்கும். அரை மணி நேரத்தில் அணைந்தது. அதன் பிறகு அவர் பிடிக்கவைக்க முயலவேயில்லை. நானும் அவரும் பின்னால், தெரியாத இரண்டு பேர் பக்கத்தில், விடியும் வரை தள்ளினோம். நாவற்குழிப் பாலத்தில் தள்ளவும் தேவையிருக்கவில்லை, சனமே நகர்த்தியது. அம்மம்மா உள்ளேயிருந்து கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் என் வண்டி நின்ற அதே இடம். அங்கே நின்றபோது துணியைப் பற்றி மட்டும்தான் எழுதினேன்.

ஏப்ரல் 17

ஆகவே, திருத்திச் சொல்கிறேன். மாற்றுவதில் எனக்குச் சண்டை இல்லை. ஜப்பான் எஞ்சினுக்கு இன்னும் வேண்டாம்தான் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் எஞ்சின் கெட்டுப்போனது என்று யாரும் இன்னும் காட்டவில்லை. அது ஓடவில்லை என்பது மட்டும்தான் தெரியும். பதினொரு ஆண்டு நின்றதற்கு என் எஞ்சின் ஒரு விரல் நீளம்கூட இல்லாத வயருக்காகப் பதினான்கு நாள் நின்றதைவிடப் பெரிய காரணம் இருக்க வேண்டும் என்று சட்டமா?

பிரேக் விடயத்தில் நான் சொல்லாமல் மறைத்த ஒன்று இருக்கிறது. இந்த வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் ஒரே எண்ணெய் வழி. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போகும். எனக்கு 2014இல் போனது. பெடல் தரை வரை இறங்கியது, கைப்பிரேக்கும் இரண்டாம் கியரும் காப்பாற்றின. அதனால் கராஜ்காரர் பிரேக்கைத் தொட்டதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டிஸ்க்குக்குப் போகுமுன் ஒரு குறுக்கு வழி: 1962இல் 1098 சிசி வண்டி வந்தபோது முன் பிரேக் டிரம்மை 7 அங்குலத்திலிருந்து 8 ஆக்கினார்கள். பிந்திய வண்டியின் முன்பகுதிச் சாமான்கள் உங்கள் வண்டியில் வெட்டாமல் பொருந்தும். நான் அதைத்தான் போட்டிருக்கிறேன்.

பிரேக்கின் பிரதான சிலிண்டர் எங்கே என்று தேடி அலையாதீர்கள். பொனெட்டுக்குள் இல்லை. சாரதியின் காலடியில், விரிப்பைத் தூக்கினால் ஒரு மூடி, அதன் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடையுங்கள், இல்லையென்றால் அத்தனையும் எண்ணெய்க்குள் விழும். கழற்ற வேண்டுமானால் இன்னும் கொடுமை. அதைப் பூட்டிய ஆணிகளுக்கு நேரே முன் வில்லாக வேலை செய்யும் முறுக்குக்கம்பி ஓடுகிறது, ஆணி வெளியே வராது. கம்பியைத் தளர்த்தி இறக்கிவிட்டுத்தான் ஆணியை எடுக்க வேண்டும். இசிகோனிஸ் பெரிய மேதை. அவர் அந்தச் சிலிண்டரை ஒருமுறையாவது தன் கையால் கழற்றியிருப்பாரா என்பது என் நீண்டகாலக் கேள்வி.

மே 7

தரைத்தகடு விசாரித்தவருக்கு: லண்டனில் இருக்கும் தங்கையிடம் சொல்லி எனக்கு ஒன்று எடுப்பித்தேன். கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் கட்டி, பெட்டியை உடைத்துப் பார்த்தால் இலங்கையில் செய்தது. பாத் நகரில் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர் 1990களில் இந்த வண்டிக்கான தகடுகளை இலங்கையில் செய்விக்கத் தொடங்கியது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. தெற்கே அடித்த தகடு லண்டன் போய் யாழ்ப்பாணம் வந்தது. நானே பஸ்ஸில் ஏறிப் போய் வாங்கியிருக்கலாம். முதலில் கொழும்பில் விசாரியுங்கள்.

மே 28

கேள்வி கேட்ட தம்பி இன்று வீட்டுக்கு வந்தார். நாங்கள் இரண்டு பேரும் அவர் வண்டியைப் பார்க்கப் போனோம். பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டிக் கைபிடியால் சுற்றினோம். மூன்றில் நல்ல எதிர்ப்பு, ஒன்றில் கொஞ்சம் தளர்வு. தொடுமுனைகள் களிம்பு பிடித்துப் பச்சையாக இருந்தன. அரத்தால் தேய்த்து, மெல்லிய அட்டைத் தடிப்பில் இடைவெளி வைத்தோம். காபரேற்றர் கிண்ணத்தில் பழைய பெற்றோல் வெல்லப்பாகு போல் இறுகியிருந்தது. சூடான தண்ணீரில் கழுவினோம். தாங்கியை நம்பவில்லை. எனக்கு வேறு வழி தோன்றவில்லை: அவர் மகளின் இருமல் பாணிப் போத்தலை வாங்கிக் கம்பியால் கட்டினேன்.

நான்காவது சுற்றில் பிடித்தது. தம்பியின் பெருவிரல் பத்திரம். மகள் காதைப் பொத்திக்கொண்டு குதித்தாள். பதினொரு ஆண்டுத் தூசியும் எலிக்கூட்டின் பஞ்சும் புகைக்குழாயால் வந்தன. இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினோம், பிரேக் சரியாகும் வரை நகர்த்தக் கூடாது. மண்ணெண்ணெய் மணம் இல்லாமல் அந்தச் சத்தத்தைக் கேட்பது எனக்கு ஏதோ குறைவது போல் இருந்தது, அது என் பிரச்சினை.

தளர்ந்த சிலிண்டருக்கு என்ன செய்வது என்று கராஜ்காரரிடமே கேட்கப் போகிறாராம். கேட்கட்டும். அந்த மனிதர் பிரேக்கைப் பற்றிச் சரியாகத்தானே சொன்னார்.

மே 29

தம்பி, என் அரை அங்குல ஸ்பானரைக் காணவில்லை. உங்கள் பற்றறித் தட்டின் அருகே வைத்த நினைவு. பழைய இங்கிலாந்து ஸ்பானர், பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருக்கும், மாமாவுடையது. சாவியைத் திருப்புவதற்கு முன் பார்த்துச் சொல்லவும். நேர்முனை உடலில் என்பதையும் மறக்க வேண்டாம்.